முனியராஜுக்குக் காபி மட்டும்

ஜோபின்,

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். லேப்டாப்பைத் திறந்து பார், வைஃபை வந்துவிட்டது.

லேப்டாப்பை ஓட்டும் லினக்ஸில், அதன் மையமான கர்னல் அப்டேட் ஆனதும் வைஃபை வரவில்லை. உடனே, "வைஃபை கார்டு செத்துருச்சு"ன்னு நேற்று தீர்ப்புச் சொன்னாய். நான் நர்ஸ். நாடி பார்க்காமல் யாரையும் செத்ததாக எழுத மாட்டேன். உள்ளே அழியாமல் இருந்த பழைய கர்னலில் லேப்டாப்பைத் திறந்தேன், வைஃபை உடனே வந்தது. ஆக, கார்டுக்கு ஒன்றுமில்லை. புதுக் கர்னலுக்கு ஏற்ற டிரைவர் மென்பொருள்தான் இல்லை. மறுபடி புதியதில் திறந்து, என் போனை வயரில் மாட்டி, அந்த நெட்டில் அதை இறக்கிப் போட்டேன். இப்போது புதியதிலும் ஓடுகிறது.

பட்டாசுப் பெட்டி டிசைனைத் திருத்தங்கல் அச்சகத்துக்கு முதலில் அனுப்பு. இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதே.

ஆமத்தூரிலிருந்து மெக்கானிக் முனியராஜ் புதுக் கார்டோடு வருவார். காபி கொடு. லேப்டாப்பைக் கொடுக்காதே.

அம்மா

பி.கு.: அப்டேட்டை அமுக்கியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் முனியராஜிடம் போனில், "எங்கம்மா எதையோ அமுக்கிக் கெடுத்துட்டாக"ன்னு சொன்னாயே, அது அடுப்படி வரைக்கும் கேட்டது. இன்றைக்கு அவர் வந்ததும் அதே சத்தத்தில் சொல்லு: "எங்கம்மாவே சரி பண்ணிட்டாக."