ஒரு சொல்லால் பல் போகும் விவரம்

அனுப்புநர்:
தையல் தொழிலாளி ஒருவரின் தம்பி,
மூன்றாம் மாடி, பேருந்துப் பணிமனைக்கு எதிர்க்கட்டடம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டு அலுவலகம்.

பொருள்: என் அக்காவின் ஈறு நோய்ச் சிகிச்சைக்கு, "நாள்பட்ட" என்ற சொல்லைக் காட்டி அனுமதி மறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் அக்கா தையற்கூடத்தில் வேலை செய்கிறார். அங்கே கத்தரி தொலைகிறதென்று நாலு மெஷினுக்கு ஒன்றுதான், அதுவும் சங்கிலியில். கை எட்டாதவர்கள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார்கள். அக்காவின் கீழ்வரிசை முன்பற்கள் மூன்றில் ஈறு இறங்கி, சீழ் வைத்து, பல் ஆடுகிறது. மற்ற பற்கள் நன்றாக இருக்கின்றன.

2. பல் மருத்துவர் ஈறுக்குள் அளவுக் கம்பியை விட்டு ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்தார். அந்த மூன்றில் மட்டும் ஆறு மில்லிமீட்டர் பள்ளம். எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்திருப்பது தெரிகிறது. "ஓரிடத்து நாள்பட்ட ஈறு நோய்" என்று எழுதி, பல் எண்களையும் அளவுகளையும் சேர்த்து, வேர்வரை சுத்தம் செய்யத் தங்களிடம் அனுமதி கேட்டார்.

3. நாள்பட்டது என்றால் காப்பீட்டுக்கு முன்பே வந்தது என்று தங்கள் அலுவலகம் மறுத்தது. அய்யா, அது நோயின் வகைப் பெயர். மெதுவாக அரிக்கிறது என்று பொருள். பிறந்த தேதி அல்ல. காப்பீட்டில் சேர்த்த அன்று அக்காவின் வாயைப் பார்த்து "நலம்" என்று கையெழுத்திட்டவர் தங்கள் மருத்துவரே.

4. பல் மருத்துவர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு மறுபடி எழுதிக் கொடுத்தார். நாள்படாத வீக்கத்துக்குச் சாதாரணச் சுத்தமே போதும் என்று அதுவும் திரும்பி வந்தது.

5. தங்கள் கவுன்டரில் இருந்தவர், "மூணு பல்லுக்கா இவ்ளோ அலையிறீங்க? வாய் முழுக்கன்னு எழுதி வாங்கிட்டு வாங்க தம்பி, மேல கேள்வியே கேக்க மாட்டாங்க" என்றார். இல்லாத நோயை எழுத மருத்துவர் மறுத்தார். அக்காவோ, "நல்லா இருக்குற ஈறையும் சுரண்டச் சொல்றியா? போடா" என்று என்னைத்தான் திட்டினார். உள்ளதை எழுதினால் மறுப்பு, பொய் எழுதினால் அனுமதி. இது தங்களுக்குத் தெரிந்து நடக்கிறதா?

6. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே சொல்லால் பல் போகிறது. நேற்று மதியம் சாப்பிடும்போது ஒரு பல் கையோடு வந்துவிட்டது. அதைப் பொத்தான் பொட்டலத்தில் மடித்து வைத்துவிட்டு, அக்கா மெஷினுக்குத் திரும்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்லவும் இனி எனக்கு வழியில்லை.

7. ஆகவே மீதமுள்ள இரண்டு பற்களுக்கு, மருத்துவர் முதலில் எழுதியபடியே, அந்தச் சொல்லோடும் அந்த அளவுகளோடும், இந்த வாரமே அனுமதி தர ஆணையிடக் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் அளவுக் கம்பியோடு ஆளை அனுப்புங்கள். அக்கா வாயைத் திறந்து காட்டுவார். சிரிக்கத்தான் இப்போது திறப்பதில்லை.

இடம்: தங்கள் அலுவலகப் படிக்கட்டு
நாள்: செவ்வாய்க்கிழமை

பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தம்பி

இணைப்பு:
எக்ஸ்ரே – நகல்
மறுப்புக் கடிதங்கள் இரண்டு – நகல்
பல் ஒன்று – அசல்