படகுக்குள் ஊற்றிய தண்ணீர்

கடைசிவரை என்னைப் பாப்பா என்றே கூப்பிட்ட அண்ணனுக்கு,

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான். உனக்கே தெரியும். ஆனாலும் உன்னிடம் பேசுகிற மாதிரி எழுதினால்தான் எனக்கு இது எழுத வருகிறது. மற்றவர்களும் கூடவே படிக்கட்டும். சிலர் கட்டாயம் படிக்க வேண்டும்.

படகு திரும்பி வந்துவிட்டது. போன ஆடியில் நீ போனதிலிருந்து ஏரிக்கரையில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததை அண்ணி கடலூர்ப் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை டெம்போவில் மலையேறி வந்தது. நாளை ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி. உன்னோடு பத்து வருஷம் இருந்த சடையன்தான் ஓட்டப்போகிறார்.

நீ எந்தப் பட்டறையையும் நம்பியதில்லை. வேலை முடிந்ததும் அவர்கள் பூசை போட்டு, இஞ்சின், கைப்பிடி, திருகு என்று உருண்டையாகத் தெரிகிற எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் அப்பி அனுப்புவார்கள். நாள் தவறாமல் சாமி கும்பிடுகிற நீ, முதல் வேலையாக ஈரத்துணியால் அதைத் துடைப்பாய். "சாமி கோச்சிக்காது பாப்பா. தண்ணிதான் கோச்சிக்கும்" என்பாய். பிறகு படகை இரண்டு கட்டைகள் மேல் ஏற்றி, உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று ஒரு மணி நேரம் கீழே குந்திப் பார்ப்பாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஒரு மணி நேரத்தை உன்னிடமிருந்து நான் பறித்தேன்.

கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரை, ஒருவருடைய சின்ன மகளோடு, ஏரிக்குக் கூட்டி வந்திருந்தேன். படகு முந்தின நாள்தான் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. நீ துணியை நனைத்துக்கொண்டிருந்தாய். அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பட்டறை கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டு கையெழுத்தும் போட்டிருக்காங்க அண்ணா. உன் சந்தேகத்துக்கு ஒரு அளவு இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "படிச்ச புள்ள சொன்னா சரிதான்" என்று துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாய்.

எதையும் எளிதில் நம்பாதவள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்தக் காகிதத்தை மட்டும் எப்படி நம்பினேன்?

படகைக் கழுவியவர்கள், பின்பக்கம் தண்ணீர் வடிகிற துளையின் மூடியைக் கழற்றிவிட்டுக் கந்தலை அடைத்திருந்தார்கள். பூசை போட்டவர் அதன் மேலும் சந்தனத்தை அப்பிவிட்டார். பார்வைக்கு மூடி போட்ட மாதிரியே இருந்தது. நடு ஏரியில் சந்தனம் கரைந்து கந்தலும் பிய்த்துக்கொண்டு போனபோது, அந்தக் குழந்தையின் செருப்பு படகுக்குள்ளேயே மிதந்தது. சடையன் கரைக்குத் திருப்ப, நீ சாப்பாட்டுத் தூக்கால் இறைத்துக்கொண்டே வந்தாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். "என் தப்புதாங்க. நான் பாக்காம உட்டுட்டேன்" என்றாய். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைத் தடுத்தது நான் என்று அண்ணிக்குத் தெரியாது. நான் காகிதத்தை நீட்டிய நேரம் பெட்ரோல் வாங்கப் போயிருந்த சடையனுக்கும் தெரியாது. தெரிந்த மூன்று பேரும் அன்றைக்கே மலையை விட்டு இறங்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மீன் வறுக்கிற கடையில், "இன்னாண்ணா, டிக்கெட்டோட தண்ணி எறைக்க சொம்பும் ஃப்ரீயா?" என்று கேட்பார்கள். "சொம்பு ஜாஸ்தி, டிக்கெட்டுதான் கம்மி" என்று நீயும் சேர்ந்து சிரிப்பாய். வீட்டில் அண்ணி சிரிக்கவில்லை. "ஒரு மணி நேரம் குந்தி பாக்க சோம்பல் பட்ட மனுசன நம்பி ஊரான் புள்ளைங்கள எப்பிடி ஏத்துறது?" என்று, இஞ்சினைத் தொடவே விடவில்லை. நீ டிக்கெட் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே. பிறகு மாரடைப்பு.

வரும்போதெல்லாம் சொல்லிவிட நினைத்தேன். ஏன் சொல்லவில்லை? நீயாவது அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாதா?

நேற்றுக் காலை நானே கரைக்குப் போய்ப் பொட்டுகளைத் துடைத்தேன்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா வேல இது செல்வி?" என்றார் அண்ணி.

"அவங்க சாமியே இல்லேங்கறவங்க. அவங்களுக்கு வெள்ளி இன்னா, சனி இன்னா?" என்று சடையன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தண்ணில எறங்கப் போறது நானு. பொட்டு போனா போவட்டும், மூடி கீதான்னு பாருங்க."

மூடி இருந்தது. ரப்பர் வளையம் புதிது. தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே குந்தினேன். முட்டி வலித்தது. எங்காவது கசிந்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது. கசிந்தால் பட்டறையைத் திட்டிவிட்டு, எதையும் சொல்லாமல் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பியிருப்பேன். ஒரு மணி நேரமாகியும் ஒரு சொட்டு இல்லை. தடவிப் பார்த்த கையில் தூசிதான் ஒட்டியது.

அண்ணி பக்கத்திலேயே நின்றிருந்தார். "பாத்தியா செல்வி, ஒரு மணி நேரந்தான். இத அன்னிக்கு செஞ்சிருந்தா அந்த மனுசன் தலய குனிஞ்சிக்கினே போயி சேந்திருக்க மாட்டாரு."

சொன்னேன். குந்தியபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், காகிதத்தை நீட்டியது, நான் கேட்டது, எல்லோரும் சிரித்தது, எல்லாவற்றையும்.

சடையன் குடத்தைக் கீழே வைத்தார். அண்ணி குனிந்து அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

"அவரு பாக்கத்தான் போனாரா?"

"ஆமா அண்ணி."

"கடசி ஒரு வருசமும் அந்த மனுசன நான் பேசாத பேச்சு இல்ல. அத்தெல்லாம் இப்ப யாரு கிட்ட போயி திருப்பி வாங்கிக்கினு வர்றது? சொல்லு. நீ படிச்சவ இல்ல?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். காதில் வாங்கினாரா, தெரியாது. படகிலிருந்த தண்ணீரை இறைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அண்ணா, உன்னிடம் சொன்னால் "உடு பாப்பா" என்றுதான் சொல்வாய். அண்ணி அப்படிச் சொல்லவில்லை. அதுதான் நியாயம்.

நாளைக் காலை படகு இறங்குவதற்குள் மலைக்கு வந்துவிடுவேன். ஏரிக்கரையில் கடை கடையாகப் போய், அன்றைக்கு நீ சோம்பல்படவில்லை, நான்தான் தடுத்தேன் என்று என் வாயால் சொல்வேன். பொது இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. திக்கித் திணறியாவது சொல்வேன். அண்ணி கதவைத் திறக்காவிட்டால் மறு ஞாயிறும் வருவேன், அதற்கடுத்த ஞாயிறும் வருவேன்.

உன் மேல் பழி விழுந்தபோது பக்கத்திலேயே பேசாமல் நின்ற
உன் தங்கச்சி,
செல்வி