பள்ளத்தாக்கு திருப்பிச் சொன்ன வார்த்தை

வெண்ணந்தூர்,
வைகாசி 20.

அன்பு மகள் மைதிலிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் ஆடு மாடுகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தத் தீவில் நீங்கள் இருவரும் அப்படியே இருக்க மாரியாத்தா துணை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், முப்பது வருடம் போர்வெல் வண்டிச் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டை எனக்கு, நல்ல சேதி சொன்னாலும் சண்டை மாதிரி இருக்கிறது என்று நீயே சொல்வாய், அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். இரண்டு உழவு மழை பெய்தது, கடலை போட்டாயிற்று. விமானத்தில் போய் வந்த கதையை உன் அம்மா குப்பாயி அத்தைக்கு நாலாம் முறையாகச் சொல்கிறாள், ஒவ்வொரு முறையும் விமானம் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆடுகிறது.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் உன் வீட்டுக்காரர் மிக்கேல் எங்களை எரிமலைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனாரே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன் கல்யாணத்துக்கு வராதவன் நான். இரண்டு வருடம் கழித்து உன் அம்மாவின் அழுகைக்காக வந்து, இருபது நாள் அவர் சமைத்ததைச் சாப்பிட்டும் மாப்பிள்ளை என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் "அந்தத் தம்பி" என்றே ஓட்டிவிட்டேன். அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. நான் எத்தனையோ காட்டில் துளை போட்டுத் தூளைப் பார்த்துத்தான் அடியில் என்ன பாறை என்று ஊகிப்பேன், அங்கே கறுப்பும் சிவப்புமாக ஆயிரம் அடியும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அந்தச் சிவப்புக் கல்லைத் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்றேன், நீ அதை அவர் பாஷையில் சொல்லிவிட்டாய், அவர் வேலியைத் தாண்டி விளிம்பில் போய்க் குனிந்துவிட்டார். "மாப்ளே, இந்தப்பக்கம் வந்துருங்க!" என்று கத்தினேன். பள்ளத்தாக்கு அதை மூன்று முறை திருப்பிச் சொன்னது, பார்க்க வந்த சனமெல்லாம் திரும்பியது. அவர் கல்லோடு வந்து, நீ சொல்லிக்கொடுத்த தமிழில் "சரிங்க மாமா" என்றார்.

மறுநாள் ஏர்போர்ட்டில் நீ மெதுவாக, "நெசமாத்தான் மாப்ளேன்னு கூப்புட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் வீம்புக்கு, வண்டியில் வேலை செய்கிற பசங்களையெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவேன் என்றேன். உன் முகம் விழுந்துபோனதைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனேன். அன்றிலிருந்து சோறு இறங்கினாலும் மனசு இறங்கவில்லை. நான் சொன்னது பொய். பசங்களை மாப்ளே என்பேன், வாடா போடா என்பேன், ஒருத்தனுக்கும் "ங்க" போட்டதில்லை.

ஆடி முதல் நாள் தேங்காய் சுடும் நோம்பிக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனாலும் நம் வீட்டுக்கு இதுதான் உங்கள் தலை ஆடி, அதற்கு மாமனார் நேரில் போய் அழைப்பதுதான் முறை, அவ்வளவு தூரம் வந்தும் அழைக்காமல் திரும்பிய மடையன் நான், இந்தக் கடிதத்தையே அழைப்பாக வைத்துக்கொள். தேங்காய்க் கண்ணில் துளை போடுவது என் பொறுப்பு. தேங்காயைக் குத்திச் சுட அழிஞ்சிக் குச்சி அவருக்கும் சேர்த்தே வெட்டிச் சீவி வைத்துவிட்டேன். அந்தச் சிவப்புக் கல் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது, உன் அம்மா அதற்கும் பொட்டு வைத்துவிட்டாள். தலைக்கு எண்ணெய் வை, வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள். இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு, அவர் பாஷையில் சொல்லும்போது அந்த "ங்க"வை மட்டும் விட்டுவிடாதே.

உன் அப்பா,
காளியண்ணன்