குக்கரில் வைத்த கணவாய்ச் சாறு

டிசம்பர் 2

பழைய பாலத்தை ஆறு தூக்கிக்கொண்டு போனதே, பேருந்தில் முதல் தடவையாக ஒரு பெண் நடத்துநர் வந்து ஆண்பிள்ளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு டிக்கெட் வாங்கினார்களே, என் மகன் கால் முதலில் வந்து பிறந்து ஆஸ்பத்திரியையே அலற வைத்தானே, அந்த வருஷம்தான் மலைக்கணவாய்ச் சுரங்கம் இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்து முட்டிக்கொண்டது. வருஷ நம்பர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அதற்கப்புறம் இப்படி ஒரு பனி கொட்டி நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

கையெழுத்தே போடத் தெரியாது, உங்களுக்கு நாட்குறிப்பா என்று மகன் சிரித்தான். மருமகள்தான் போனில் இதை வைத்துக் கொடுத்தாள். நான் பேசுகிறேன், அது எழுதுகிறது, தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. கேட்டால் திருப்பி வாசிக்கிறது. அதன் குரலில் நான் கொஞ்சம் படித்தவன் மாதிரி இருக்கிறேன்.

சலூனில் ஒரு சேதி. என்னோடு சுரங்கம் குடைந்த ஒருத்தன், புகைச்சல் என்று பட்டப்பேர், அவனை அவன் மகள் கடலோரத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாளாம். அங்கே குளிரே கிடையாதாம். புது வருஷம் பிறந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகர் கையில் கொடுத்துவிடுவார்களாம். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை என்றார் சலூன்காரர்.

போனால் போகட்டும். அஞ்சு வருஷமா என்கிட்ட பேசாதவன் எந்த ஊர்ல இருந்தா எனக்கென்ன?

எனக்கென்னவா? அப்போ ஏன் மத்தியானச் சாப்பாடு இறங்கலே?

டிசம்பர் 4

மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கூட இருக்கிற இரண்டு பெண்களை ஒரு விருந்துக்குக் கூப்பிடப் போகிறாளாம். மெழுகுவத்தி, நாற்காலிக்கு ஒரு கம்பளி, நடுவில் ஆவி பறக்கிற பாத்திரம். கணவாய்ப் பக்கத்துச் சாப்பாடுதான் இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறதாம். "மாமா, நீங்க அங்கேயே கிடந்தவர்தானே, எப்படி வைக்கணும்னு சொல்லுங்க" என்றாள்.

கிடந்தது வாஸ்தவம். ஏழு பேர், ஒரு தகரக் கொட்டகை, ஒரு இரும்புச் சட்டி. பார்லி, புகையில் தொங்கவிட்ட எலும்புக்கறி, கிழங்கு, புளிப்புக்கு உலர்ந்த பழம். வெளியே ஆள் உயரத்துக்குப் பனி. சமைத்தது புகைச்சல். நான் அடுப்புப் பக்கமே போனதில்லை. போகாமலிருக்க வழி இருந்தது.

அந்தக் கொட்டகையில் ஒரு சட்டம். சாறு நன்றாக இருக்கிறது என்று எவன் வாயிலிருந்து வருகிறதோ, கரண்டி அவன் கைக்குப் போகும். அடுத்த சட்டியை அவன் வைக்கணும். அதனால் எவனும் சொல்லமாட்டான். மாட்டுக்கு வைக்கலாம், சுவருக்குப் பூசலாம் என்று திட்டிக்கொண்டே மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டுவோம். கரண்டி கடைசிவரை புகைச்சல் கையிலேயே நின்றது.

இன்னொன்றும் உண்டு. கரண்டி சட்டிக்குள் இறங்குவதற்கு முன்னால் மேஸ்திரி ஏழு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். சுரங்கத்துக்குள்ளே வெடி வைத்துவிட்டு வந்தவர்கள் இல்லையா. ஒருத்தன் குரல் வராவிட்டாலும் யாருக்கும் சாறு கிடையாது.

இப்போது நானும் புகைச்சலும்தான் மிச்சம்.

டிசம்பர் 5

அவரோட அப்படி என்ன சண்டை என்று மருமகள் கேட்டாள்.

மேஸ்திரியை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு, வந்தவர்களுக்கெல்லாம் புகைச்சல்தான் அந்தச் சட்டியில் சாறு வைத்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டே என் தட்டில் ஊற்றினான். எப்படி இருக்கு என்றான். வாய்ப்பழக்கம், சும்மா இருக்குமா? தண்ணி சுட்டிருக்கு, அவ்வளவுதான் என்றேன். இன்னிக்காவது உன் வாயில ஒரு நல்ல வார்த்தை வராதாடா என்றான்.

அதுதான் கடைசிப் பேச்சு.

டிசம்பர் 8

முடி வளரவில்லை. இருந்தாலும் சலூனுக்குப் போனேன்.

எங்கள் வீட்டு விருந்துக்குக் கணவாய்ச் சாறு நான்தான் வைக்கிறேன், பிரஷர் குக்கரில், மூன்று விசில் விட்டால் ஆச்சு என்று சலூன்காரரிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்போதுதான் சீக்கிரம் புகைச்சல் காதுக்குப் போய்ச் சேரும்.

டிசம்பர் 11

பதில் வந்துவிட்டது. "அந்தக் குக்கர்ல அவன் பல்செட்டைப் போட்டு வேகவைக்கச் சொல்லு."

அஞ்சு வருஷத்தில் முதல் பேச்சு. அதுவும் என் பல்லைப் பற்றி. சலூன்காரரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

டிசம்பர் 13

எலும்புக்கறி இல்லை, கடையில் விற்கிற சூப் பொடிதான், மேலே கொஞ்சம் சர்க்கரையும் தூவப்போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதற்கும் அசையாமல் இருந்தால் அவன் மனுஷனே இல்லை.

டிசம்பர் 15

அசையவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அப்புறம், காதில் இருக்கிற முடியையும் எடுத்துவிடு, புது ஊருக்குப் போகிறோம் என்றானாம்.

ஜாஸ்தியாப் போயிட்டேனா? குக்கரோட நிறுத்தியிருக்கணும். எனக்கு எப்பவும் நிறுத்தத் தெரியாது. ரேடியோன்னு சும்மாவா பேர் வச்சான் - அந்தப் பேரை வச்சதே அவன்தான். அவனும் போயிட்டா என்னை ரேடியோன்னு கூப்பிட யாரு இருக்கா? மகனுக்கு அப்பா, மருமகளுக்கு மாமா, தெருவுக்குப் பெரியவர். ரேடியோ யாருக்கு?

டிசம்பர் 16

மூட்டு வலி. யாரோடும் பேசவில்லை, இந்தப் போனைத் தவிர.

டிசம்பர் 17

மாட்டிக்கொண்டேன்.

புகைச்சலின் மகள் மருந்துக்கடைக்கு வந்தாளாம். அப்பா ரெண்டு நாளா தூக்கத்திலகூட சர்க்கரை சர்க்கரைன்னு முணுமுணுக்கிறாரு, ரத்தத்துல ஏறியிருக்குமோன்னு பயமா இருக்கு என்று சோதித்துப் பார்க்கிற கருவி கேட்டாளாம். மருமகள் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மாமா, சலூன் வழியா என்ன வேலை பார்க்கிறீங்க?"

சொல்லிவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நேராப் போய்க் கூப்பிட்டா வாய் சுளுக்கிக்குமா என்று கேட்டாள். சுளுக்கும் என்றேன்.

அவளே போய் அப்பா, மகள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டு வந்தாள். வருகிறார்களா என்றேன். மகள் வருகிறாளாம், அவன் கதவுக்குப் பின்னால் நின்று இருமினானாம்.

இருமலை எந்தக் கணக்கில் சேர்க்கிறது?

டிசம்பர் 20

எல்லாம் மருமகள் ஆசைப்பட்டபடிதான். மெழுகுவத்தி, கம்பளி, ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி. மருந்துக்கடைப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்கள். மகன் பேருந்து ஓட்டப் போய்விட்டான். பிழைத்தான்.

ஏனென்றால் சாறு நிஜமாகவே நான் வைத்தது. குக்கரில்தான். நான் உப்புப் போட்டேன். மாமா மறந்திருப்பார் என்று மருமகளும் போட்டாள். பார்லி அடி பிடித்தது. சர்க்கரை மட்டும் போடவில்லை, கை வரவில்லை.

அழைப்பு மணி அடித்தது. முதலில் மகள். அவள் முதுகுக்குப் பின்னால் புகைச்சல், கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு, காது இரண்டும் பளபளவென்று. என்னைப் பார்க்கவில்லை. சின்னப்பிள்ளைங்க வயிறு கெட்டுடக் கூடாதேன்னு வந்தேன் என்று மருமகளிடம் சொன்னான்.

பேர் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. கூப்பிட்டு, அவன் பதில் சொல்லாவிட்டால்? கரண்டியைச் சும்மா உள்ளே விட்டேன். அவன் கண் கரண்டி கூடவே இறங்கியது, கூடவே ஏறியது.

பெண்கள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார்கள். வித்தியாசமா இருக்கு என்றாள் ஒருத்தி. நல்ல பிள்ளை. புகைச்சலின் மகள், "பெரியப்பா, இதைக் குடிச்சுட்டா நீங்க மலையைக் குடைஞ்சீங்க?" என்றாள்.

புகைச்சல் ஒரு வாய் எடுத்தான். மென்றான். சாற்றை யாராவது மெல்லுவார்களா, இதை மெல்லத்தான் வேண்டியிருந்தது. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். ஒரே ஒரு திட்டு போதும், அதை வைத்துக்கொண்டு மிச்சக் குளிரை ஓட்டிவிடுவேன். அவனோ தட்டை வழித்துக் குடித்து முடித்தான்.

"நல்லாயிருக்கு" என்றான்.

மருந்துக்கடைப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவன் மகளுக்குக் கை அப்படியே நின்றது. அந்தச் சட்டத்திலேயே வளர்ந்தவள். பெற்ற அம்மா சமையலைக்கூட வாய்விட்டு மெச்ச விடாமல் வளர்த்தான். "அப்பா, யோசிச்சுத்தான் சொன்னீங்களா?" என்றாள்.

"அடுத்த பனிக்குச் சட்டி என்னோடது. சொன்னா வைக்கணும். நீ போய் வெயில்ல நல்லா காயி. நான் இங்கேதான்." அப்புறம் என் பக்கம் கையை நீட்டினான். "கரண்டியை எடுடா, ரேடியோ."

கொடுத்தேன். அவன் போட்டிருந்தது நல்ல கோட்டு. கழுவாத கரண்டியை அப்படியே அதன் பைக்குள் சொருகிக்கொண்டான்.

டிசம்பர் 21

அவருக்கு நிஜமாவே பிடிச்சிருந்ததா மாமா என்கிறாள் மருமகள்.

குக்கரைக் கழுவிப் பார் என்றேன்.

ஜனவரி 6

மகள் கிளம்பிவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் போனாள். என்னைப் பார்த்து மட்டும் விரலை ஆட்டிவிட்டுப் போனாள். தரகர் சாவிக்காக வந்து புகைச்சல் கதவைத் தட்டினார், அவன் போட்ட கத்தலில் வந்த வழியே திரும்பி ஓடினார்.

மருமகள் வேலைக்குப் போகிற வழியில் புகைச்சல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள். உள்ளேயிருந்து திட்டு வந்தால் நலம்.

டிசம்பர் 12

மறுபடி பனி. முதலில் கெட்ட சேதி: அடுத்த குளிருக்குக் கரண்டி என் கையில். ஆமாம், சொல்லிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, நான் என்ன செய்ய? புகைச்சல் கரண்டியை என் பக்கம் நீட்டினான். இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமாடா என்றான். மூக்கை உறிஞ்சினான். காரம் ஜாஸ்தி என்றான். சாற்றில் காரமே கிடையாது.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இரும்புச் சட்டியைப் போர்வையில் சுற்றி, மகளைத் தூக்க வைத்துக்கொண்டு வந்தான். கடலோரத்திலிருந்து அதற்காகவே வந்திருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள். போன வருஷத்துப் பெண்களும் வந்திருந்தார்கள், தைரியசாலிகள். மேஜை நடுவில் சட்டி. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றான். உள்ளே விடவில்லை. எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம், ஆவி போய்க்கொண்டே இருக்கிறது, இவன் என்னையே பார்க்கிறான்.

மேஸ்திரி இல்லை. நான்தானே கூப்பிடணும்.

மேஸ்திரி என்றேன். போயாச்சு என்றான் புகைச்சல். வெடிக்காரன். போயாச்சு. ஒத்தைக்கண்ணன். போயாச்சு. தூங்குமூஞ்சி. தூங்கியாச்சு என்றான், மருமகள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை, கடைசிவரை கல்யாணமே ஆகாதவன். போயாச்சு. ரேடியோ என்று நானே கூப்பிட்டு, இருக்கேன் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரே ஒரு பேர் மிச்சம். தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, சுரங்க வாசலில் நின்று மேஸ்திரி கூப்பிடுவாரே, அந்தச் சத்தத்தில் கூப்பிட்டேன்.

"புகைச்சல்."