மஞ்சள் துணி முடிச்சு

அன்புள்ளவளே என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

நீ நலமா? யாழினியைப் பற்றிக் கேட்கவில்லை. உன் மகள் நலமாகத்தான் இருப்பாள், எனக்குத் தெரியும்.

"நம் இயற்கை வழிபாட்டு வட்டத்தில் இனி மரம், மண், வெயில் என்ற ஆற்றல்களுக்கு மட்டுமே இடம். தனித்தனிச் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள் வர வேண்டாம்" என்று குரூப்பில் போட்டிருக்கிறாய். எங்கள் குலசாமி கருப்பனுக்கென்று அங்கே சுருட்டு கொண்டுவருகிறவள் நான் ஒருத்திதான். நாகல் நகரில் வீடு வீடாகப் போய் அந்த வட்டத்துக்கு ஆள் சேர்த்தவளும் நான்தான். போனில் கேட்டதற்கு, "நீ வந்தா படிச்சவங்க சிரிக்கிறாங்கடி. செத்த ஒதுங்கியே இரு" என்றாய்.

போன ஐப்பசியில் யாழினி டெங்குவில் கிடந்தபோது, நீ தலைகூட வாராமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாய். "மரத்துக்கிட்டயும் மண்ணுக்கிட்டயும் அம்புட்டு கேட்டுட்டேன், ஒண்ணும் பேச மாட்டேங்குது. உன் கருப்பன்கிட்ட சொல்லுடி" என்று அழுதாய். பிள்ளை பிழைத்தால் சேவல் அறுப்பதாக நேர்ந்து, உன் கையாலேயே ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தாய். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். சேவல்தான் இன்னும் வரவில்லை.

வருகிற பௌர்ணமிக்கு வட்டம் கூடும் தாடிக்கொம்பு ஆற்றங்கரைக்கு நான் வருகிறேன். எல்லோரும் கைகோத்து நிற்கும்போது அந்த முடிச்சை நடுவில் வைத்து, இது யாருடையது என்று மட்டும் கேட்பேன். படித்தவர்கள் முன்னால் "என்னுடையது இல்லை" என்று நீ தாராளமாகச் சொல். கருப்பனும் என்னோடு வருவான், கேட்டுக்கொள்வான்.

இப்படிக்கு,
நீ ஒதுங்கி இருக்கச் சொன்னவள்