வயலை விற்று வாங்கிய கார்

என் உயிர் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்கள் மையவாடிக்குப் போய், உங்களை அடக்கிய இடத்தில் நின்று ஸலாம் சொல்லி வருகிறார்கள். பெண்பிள்ளைக்கு அந்த வழி இல்லை, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் வாசித்தாலும் வாசிக்கட்டும். மருதமுனையில் இது யாருக்குத் தெரியாத கதை?

உங்கள் காரை நேற்றுக் கொண்டுபோனார்கள். யாரும் ஓட்டிப் போகவில்லை, லொறியில் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனார்கள். உம்மா ஜன்னலைப் பிடித்தபடி, "தொலஞ்சிது முஸீபத்து, பீட புடிச்ச சாமான்" என்றார். பிறகு உட்கார்ந்து அழுதார். எதற்கு அழுதார் என்று நான் கேட்கவில்லை.

கடலோரம் எனக்கென்று நீங்கள் கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோனபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பெண்ணுக்கு முதலில் வீடு, அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை. அவர் வந்து குடியிருக்க வேண்டியது பெண்ணின் வீட்டில். வெறும் அத்திவாரத்தின் மேல் நின்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வயல் இரிக்கி மகள். வயல் இரிக்கும்வரைக்கும் நீ ஒண்டுக்கும் பயப்படாத." நானும் பயப்படவில்லை.

கடலை விட்டுத் தள்ளி, வீடு கட்ட ஒரு வளவு வாங்கினீர்கள். சுவர் எழும்பியது, கூரைதான் பாக்கி. அந்த நேரத்தில் யுத்தம் முடிந்தது, கொழும்பு ரோட்டில் செக்பொயின்ட் குறைந்தது. நெல் வியாபார விஷயமாகப் போன நீங்கள் வெள்ளி நிற ஜெர்மன் காரில் திரும்பி வந்தீர்கள். சம்மாந்துறை வயலை விற்றுவிட்டுத்தான் போனீர்கள் என்பது உம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"பாவிச்ச காரெண்டாலும் கொழும்பில பெரிய மனிசன் ஓடின கார்" என்றீர்கள். "நல்ல இடத்து மாப்புள வரணுமெண்டா வாசல்ல ஒரு மரியாத நிக்கணும்." கூரை இல்லாத வீட்டுக்கு மரியாதை எதற்கு வாப்பா? அன்றைக்கு நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நீங்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

மரியாதை ஒரு மாதம் நின்றது. பிறகு ஒரு நாள் விடியக் கதவைத் திறந்தால், கார் வயிற்றைத் தரையில் வைத்துக் குந்திக்கொண்டிருந்தது. மற்றக் கார்களுக்கு ஸ்பிரிங் இருக்கும், இந்தச் சீமானுக்குக் காற்றுப் பை. பை ஓட்டையானால் புதுப் பை, அதுவும் கொழும்பில். அதைப் போட்டு நிமிர்த்தினால் கியர் முரண்டு பிடித்தது. ஒலுவிலிலிருந்து ஒரே கியரில் ஊர்ந்து வந்தோமே, சைக்கிளில் போனவன் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தானே, நினைவிருக்கிறதா?

கல்முனை கராஜ்காரர் நௌபர் கைவிரித்துவிட்டார். "முதலாளி, வேன் எண்டா கண்ணக் கட்டிக்கிட்டுச் செய்வன். இதுக்குக் கொம்பியூட்டர் பூட்டித்தான் என்ன வருத்தமெண்டு பாக்கணும். எனக்கு ஏலா." அந்தக் கொம்பியூட்டரும் கொழும்பில்தான். வருத்தத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு கூலி, வைத்தியத்துக்கு வேறு கூலி. தண்ணீர் டாங்கி வெடித்தது. ஒயில் சொட்டியது. மழைக்காலத்தில் ஜன்னல் மேலே ஏறாமல் நின்றது, பொலித்தீன் ஒட்டிக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போனோம். எங்கள் ரோட்டுக் குழிக்கு அந்த மெல்லிய டயர் தாங்குமா? புதுச் சாமான் விலை கேட்டால் தலை சுற்றும், பழைய சாமான் வாங்கினால் அடுத்த பெருநாள் வரை தாங்காது. இன்சூரன்சும் பெட்ரோலும் தனி. காரை வாங்கியதில் வயல் போனது. அதை வைத்திருந்ததில் என் கூரை போனது. ஒவ்வொரு போகமும் "வெள்ளாமைக் காசு வரட்டும் மகள், ஓடு போடுவம்" என்று சொன்னீர்கள். எந்த வயலின் வெள்ளாமை, வாப்பா?

வயர் கோளாறைத் தேடி நௌபர் ஒரு நாள் எங்கள் முற்றத்திலேயே காரின் கார்ப்பெட்டைக் கிளப்பினார். அடியில் மணல். வயரெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது, தகரம் விரலுக்கு உதிர்ந்தது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "முதலாளி, இது கடல் குடிச்ச கார். சுனாமியில முங்கினத எடுத்துக் கழுவி, பெயின்ட் அடிச்சி ஒங்கட தலையில கட்டியிரிக்கானுகள்" என்றார். என் வீட்டைத் தின்ற கடல் தின்று துப்பியதை, என் வயலைக் கொடுத்து வாங்கி வந்திருந்தீர்கள். விற்றவனிடம் போய்ச் சண்டை பிடிப்பீர்கள் என்று பார்த்தேன். நீங்களோ என்னிடம் வந்து, "ஆருக்கிட்டயும் சொல்லாத மகள். வெள்ளிக்கிழம அட்டாளச்சேனையிலரிந்து பொண் பாக்க வாறாங்க" என்றீர்கள். கார்ப்பெட்டை விரித்து உள்ளே அத்தர் தெளித்தீர்கள்.

வந்தார்கள். மாப்பிள்ளை இன்ஜினியர். அவருடைய உம்மா என்னை ஒரு தரம் பார்த்தார், காரைச் சுற்றி வந்து பார்த்தார். தேத்தண்ணி குடித்து முடித்ததும், "வீட்டோட இந்தக் காரயும் மாப்புளட பேருக்கு எழுதினாக் காணும், வேறொண்டும் வேணாம்" என்றார். வாசலில் கார் நிற்காதிருந்தால் அவருக்கு அது வாயில் வந்திருக்குமா? நீங்கள் "ஓம்" என்றீர்கள். திரைக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கூரைக்கென்று உம்மா ஒதுக்கி வைத்திருந்ததும் காருக்குள்தான் போனது. மாப்பிள்ளை கையில் கொடுக்கும் நாளில் அது நிமிர்ந்து நிற்க வேண்டுமே.

அந்த நாளுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் போய்விட்டீர்கள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்த இத்தா முடிந்து உம்மா வெளியே வந்ததும் அவர்கள் மறுபடி வந்தார்கள். வீடு ஆறுதலாக முடியட்டும், காரை இப்போதே எழுதுவோம் என்றார்கள். உம்மா தலை குனிந்தபடி இருந்தார். நான் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கதைத்தேன். "மாமி, அது கடல் குடிச்ச கார். கார்ப்பெட்டத் தூக்கிப் பாருங்க." அவர் தூக்கிப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். என்னை அவர் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை.

காரைச் சாமான் சாமானாகக் கழற்றி விற்கிறவர்கள்தான் நேற்று வந்தது. அவர்கள் தந்தது ஓர் அறைக்கும் குசினிக்கும் தகரம் போடக் காணும். அடுத்த மாதம் நானும் உம்மாவும் அங்கே குடிபோகிறோம். மாப்பிள்ளை வராத வீட்டுக்கு என்ன பேர் என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். வீடு என் பேரில் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களை அடக்குவதற்கு முன் ஜனாஸாத் தொழுகை முடிந்து, உங்கள் தம்பி, என் சாச்சா, ஜமாஅத்துக்கு முன்னால் நின்று, "எங்கட நானாவால ஆருக்கும் ஏதும் குற இரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க" என்று கேட்டாராம். எல்லாரும் பொறுத்தோம் என்றார்களாம். வீட்டுக்குள் இருந்த என்னிடம் வந்து யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இன்றைக்கும் பொறுத்தேன் என்று சொல்ல வரவில்லை வாப்பா. வாய் வரை வருகிறது, வெளியே வருகுதில்லை.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். மஹ்ஷரில், எல்லாரிடமும் கணக்குக் கேட்கும் அந்த நாளில், அல்லாஹ் என்னை நிறுத்தி, உன் வாப்பா உனக்கு என்ன குறை வைத்தார் என்று கேட்டால், இந்தக் காரைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
றிஸ்வியா