நீ எழுத மறுத்த "இல்லை"

இன்று காலை நெசவுத் தெரு வழியாக ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரோ பாவு விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து நடுத்தெருவில் நின்றுவிட்டேன். சைக்கிள்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான். நீ கண்ணை மூடிய சேதி பம்பாயிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்மேலும்தான்.

நமக்குள் உறவு கிடையாது. ஆனாலும் நீ என்னை மச்சான் முறை வைத்துப் பாவா என்றுதான் கூப்பிடுவாய். யுத்தத்தில் நூலுக்குக் கன்ட்ரோல் வந்தது. ஆபீஸ் காகிதமெல்லாம் இங்கிலீஷில் வரும். "ஒவ்வொரு காயிதத்துக்கும் ஒருத்தன் கால புடிச்சிகினு இருக்க முடியுமா பாவா? நீ சொல்லிக் குடு" என்று என் பார்சல் ஆபீசில் வந்து உட்கார்ந்தாய். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. வாத்தியார் வேஷம் எனக்குப் பொருந்தவே இல்லை.

கொஞ்சம் இருக்கிறது என்றால் 'சம்', இல்லை என்றால் 'நாட்' போட்டு 'எனி' என்று சொன்னேன். 'நோ' வந்துவிட்டால் 'நாட்' கூடாது என்றேன். 'மச்', 'மெனி' எல்லாம் கப்பென்று பிடித்துக்கொண்டாய். குடை, பேனா, டிக்கெட் என்று எதைக் கொடுத்தாலும் தப்பில்லாமல் 'இல்லை' என்று மாற்றிவிடுவாய். அரிசி, உப்பு, எண்ணெய், நூல் என்றால் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாய். உங்கள் வீட்டில் அந்தச் சாமான்களை இல்லை என்று யாரும் சொல்வதில்லையாம். லட்சுமி காதில் விழுமாம். கொஞ்சம் இருக்கிறது என்று எழுதுகிறேனே என்பாய். பாடத்துக்குக்கூடவா என்று கேலி செய்வேன். நீ சிரிக்க மாட்டாய்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் எனக்கு மூச்சு விட நேரமில்லாதபோது நூல் கேட்டு எழுதிய மனுவை நீட்டினாய். 'வீட்டில் கொஞ்சம் நூல் உள்ளது' என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருந்தாய். உன் தறி மூன்றும் ஒரு மாதமாக நிற்பது எனக்குத் தெரியும். ஒரு சிட்டம் நூல்கூட உன் வீட்டில் கிடையாது. படுபாவி நான், இங்கிலீஷை மட்டும்தான் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை, போ என்று முதுகில் தட்டினேன்.

கையிருப்பு உள்ளவர்களுக்கு அப்புறம்தான் என்று பதில் வந்தது. மாற்றி எழுது என்று கெஞ்சினேன்.

"லட்சுமியம்மா இருக்கிற வூடு பாவா. அந்த வார்த்தைய என் கையால எழுத மாட்டேன்."

நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால். நானே எழுதி அனுப்பியிருக்கலாம். எக்கேடோ கெட்டுப் போ என்று ரோஷத்தில் இருந்துவிட்டேன். தை பிறந்ததும் தறியை விற்றுவிட்டு, பம்பாய் மில்லுக்கு வண்டி ஏறினாய். உன் மூட்டைக்குச் சீட்டு ஒட்டியது இந்தக் கைதான்.

அங்கிருந்து நீ எழுதின கார்டெல்லாம் இங்கிலீஷில்தான் வரும். 'எனக்குச் சில சிநேகிதர்கள் இருக்கிறார்கள்.' 'கொஞ்சம் இருமல் இருக்கிறது' என்று எழுதியிருப்பாய். ஒரு தடவை பட்டவனுக்குப் புத்தி வரவேண்டாமா? நான் அதையும் அப்படியே நம்பினேன். பஞ்சு நெஞ்சை அடைத்து நீ படுத்திருந்தாய், பக்கத்தில் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்று உன் மில்லில் வேலை செய்த ஒருவர் எழுதித்தான் தெரிந்தது.

என் அம்மாவும் போய்விட்டாள். வீட்டில் நான் ஒருத்தன். ஊரெல்லாம் தெரிந்த முகம்தான், உட்கார்ந்து பேச வருகிறவர் யார்? புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷர். துணைக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று நேற்று விசாரித்தார். "இருக்காங்க சார், கொஞ்சம் பேர்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்றே தெரியவில்லை. உன் தொற்றுதான்.

அவரிடம் சொன்னேன், சரி. உன்னிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒருத்தரும் இல்லடா.